மூன்று தலைமுறையும் மூன்று விசைப்பலகையும்

கம்போங் மேடானுக்கும் மலாயாப் பல்கலைக் கழகத்திற்கும் இடையேயுள்ள தூரம் நான்கைந்து கல்லுக்கு மேலிராது. பழைய கிள்ளான் சாலைப் பக்கமுள்ள அக்குடியிருப்பினின்றும் விடியற்காலையில் புறப்படும் ஒருவர், கால்நடையாகவே சென்றாலும், வெயில் ஏறுமுன் பந்தாய்ப் பள்ளத்தாக்கிலுள்ள அக்கலைக்கூடத்தின் வாயிலை அடைந்துவிடலாம். ஆனால் அச்சிறு தூரத்தைக் கடப்பதற்கு நம்மவர் எத்தனை தலைமுறை எடுத்துக்கொண்டனர், ஒவ்வொரு தலைமுறையும் எந்தக் கருவியைக் கையிற்கொண்டு கடந்தது, அக்கருவிக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பவற்றைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்தாகும் எனக் கருதுகிறோம்.

புதுப் பொறி எதுவாயினும் இளைஞர் ஓடிச்சென்று ஏற்றுக்கொள்வர், முதியோர் முகஞ்சுளித்து ஒதுங்கி நிற்பர் என்பது இன்று மேடைதோறும் கேட்கும் பேச்சாகும். நாமும் நெடுநாள் இதை நம்பியிருந்தோம். பழைய செய்திகளைப் புரட்டிப் பார்க்கப் பார்க்க, இது பாதி உண்மைகூட அன்று என்பது விளங்கிற்று. செல்வம் நிறைந்த கலைக்கூடங்களில் பொறிகள் ஆண்டுக்கொரு முறை மாறும். மாறும்போது கற்பிப்போரும் வருவர், கற்பதற்கு ஓய்வும் கிடைக்கும். ஏழை வீட்டிலும் ஏழைக் கல்லூரியிலும் ஒரு தலைமுறைக்கு ஒரு பொறிதான் வாய்க்கிறது. அதனைக் கற்க இரவுகள் பல கழிகின்றன, கைப்பொருளும் கரைகின்றது. இவ்வளவு கொடுத்துப் பெற்றதைத் தூக்கியெறிந்துவிட்டு அடுத்ததற்குத் தாவு என்றால் எவருக்குத்தான் மனம் வரும்? இதனை முதுமையின் பிடிவாதம் என்று பெயரிட்டழைப்பது நேர்மையாகாது.

நிற்க. கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்லுவோம்.

மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் 1949-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிறுவப்பட்டது. ஏழாம் எட்வர்டு மன்னர் பெயரால் விளங்கிய மருத்துவக் கல்லூரியும், ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து அதுவாயின. அன்று அதில் தமிழுக்கு இடமில்லை. இந்திய ஆய்வியல் துறை என்ற ஒன்று 1956-ல்தான் வந்தது. அது வருங்காலத்தில் தமிழா, சமஸ்கிருதமா என்ற வழக்கும் உடன் வந்தது. இந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழராயிருக்க, அவர்தம் மொழி அத்துறையின் உயிராய் விளங்க வேண்டுமென்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் தோழர் கோ. சாரங்கபாணி அவர்கள் தம் ஏட்டின் வாயிலாகக் கிளர்ந்தெழுந்தார். வாய்ப்பேச்சோடு நில்லாது, பல்கலைக் கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கென ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியையும் திரட்டினார். அந்நிதிக்கு வணிகரும் கொடுத்தனர், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தொழிலாளரும் கொடுத்தனர்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தொழிலாளரிற் பலர் தம் பெயரை எழுதவும் அறியாதவர். சம்பளச் சீட்டில் கைவிரல் ரேகை பதித்தவர். தாம் ஒருநாளும் காணப்போகாத ஒரு மாளிகையில், தம்மால் ஒருபோதும் படிக்கவியலாத நூல்களை வாங்கி அடுக்குவதற்குத் தம் கூலியிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார்கள். அச்சிட்ட நூலே அன்று அவர்கட்குப் புதுமைக் கருவி. அதனை அவர்கள் தமக்காக ஏற்கவில்லை, வரப்போகும் பிள்ளைகளுக்காக ஏற்றார்கள். ஒரு தலைமுறை ஒரு கருவியைக் கையாளாமலே தழுவிக்கொள்ளுதல் கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? பல்கலைக் கழகம் கோலாலம்பூரில் வேரூன்றி 1962-ல் தனித்து இயங்கலாயிற்று. தமிழ்த் துறையும் இங்கு வந்தது. 1961 முதல் அதற்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகளார் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே கூட்டினார். துறை தொடங்கிப் பத்தே ஆண்டில் உலகத்து அறிஞர் அதன் வாயிலுக்கு வந்தனர். பால்வெட்டியவர் காசு வீண்போகவில்லை.

இனித் தட்டச்சுப் பொறியைப் பற்றிக் கூறுவோம். கிராணி வேலை பார்க்கும் நமக்கு இப்பகுதியில் ஒரு தனிப் பெருமை உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் இரா. முத்தையா அவர்கள் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, இளமையிலேயே மலாயாவுக்கு வந்து, ஒரு வணிக நிலையத்தில் எழுத்து வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் நாள்தோறும் தட்டெழுதிய கைக்கு, தன் தாய்மொழியில் அவ்வாறு தட்டெழுத முடியவில்லையே என்ற ஏக்கம் பிறந்தது. ஆங்கில எழுத்து இருபத்தாறு. நம் எழுத்தோ இருநூற்று நாற்பத்தேழு. பொறியில் நூற்றுக்கும் குறைந்த குறிகளுக்கே இடமுண்டு. இச்சிறு கூண்டுக்குள் அப்பெருங்கூட்டத்தை அடைப்பதெவ்வாறு? நகரா விசை என்னும் உத்தியை அவர் கண்டார். மற்ற விசையை அழுத்தினால் தாள் ஓரடி நகரும். இவ்விசையை அழுத்தினால் நகராது. ஆகவே முதலில் புள்ளியைத் தட்டிவிட்டு, அதன்கீழ் ககரத்தைத் தட்டினால் ‘க்’ என நிற்கும். பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தன. இதைச் செய்தவர் எந்தப் பல்கலைக் கழகப் பேராசிரியருமல்லர், அலுவலகத்தில் அமர்ந்து கடிதம் எழுதிய ஒருவரே என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். நம் உயர்கல்விக்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் இவ்வாறே புறக்கடை வழியாய் வந்துள்ளன.

கம்போங் மேடானில் நம் பெரியப்பா இருக்கிறார். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிந்து, குடும்பம் நகர்ப்புறத்துப் பலகை வீட்டுக்கு வந்து, பின்னர் அடுக்குமாடிக்கு ஏறியது. அம்மாற்றங்கள் அனைத்திலும் அவரோடு வந்த பொருள் ஒன்று உண்டென்றால் அது அவருடைய தமிழ்த் தட்டச்சுப் பொறிதான். இரண்டாம் கையாக, தவணை முறையில் வாங்கியது. இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் பெரியம்மா தூங்கிய பின்னர் தட்டிப் பழகினாராம். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் மாணவர் சிலர் தம் கட்டுரைகளைக் கையெழுத்தில் கொணர்ந்து தர, பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று வாங்கித் தட்டெழுதிக் கொடுத்திருக்கிறார். மெழுகுத் தாளில் தட்டெழுதிப் படியெடுக்கும் பாடக் குறிப்புகளையும் செய்திருக்கிறார். அத்தாளில் ஒரு பிழை விழுந்தால் செந்நிற மெழுகு நீரால் மூடி, உலரும்வரை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். பல்கலைக் கழகத்துள் ஒருநாளும் மாணவராய்ப் புகாத அவர், எத்தனை மாணவரின் ஆய்வை முதலில் படித்தவர் என்பதை எண்ணினால் நமக்கு வியப்பே மிஞ்சுகிறது.

இப்பொறியின் முறை கண்ணின் முறையாகும். ‘கொ’ என்று எழுத, முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று தாளில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே தட்ட வேண்டும். கையால் எழுதுவோர்க்கு இது இயல்பானதே. புள்ளி போன்ற சில குறிகளே முன்னே போகும். அதுவும் பத்து நாளில் பழகிவிடும்.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கு ஒரு சொல்லால் குறித்துச் செல்வோம். பெரியார் 1935-ல் தம் ‘குடி அரசு’ ஏட்டில் ணா, றா, னா, லை, ளை முதலிய எழுத்துகளின் வடிவைச் சீராக்கிப் பயன்படுத்தலானார். அச்சுக்கோப்பவர்க்கும் கற்பவர்க்கும் சுமை குறையும் என்பதே காரணம். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது 1978-ல். இடையில் நாற்பத்து மூன்று ஆண்டு! ஓர் ஏடு ஒரே வாரத்தில் செய்ததை ஓர் அரசு செய்ய ஒரு மனிதனின் அரை வாழ்நாள் தேவைப்பட்டது. இதில் இளைஞர், முதியோர் என்ற பேச்சுக்கு இடமெங்கே? சீர்திருத்தியவரின் வயது அன்று ஐம்பத்தைந்து.

எண்பதுகளில் கணினி வந்தது. இப்பகுதியிலும் நம் நாட்டாரே முன்னின்றனர். கிள்ளான் வட்டாரத்துத் தமிழாசிரியரும் கவிஞருமாகிய முரசு நெடுமாறன் அவர்கள் மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் திரட்டி 1997-ல் பெருந்தொகுப்பாக வெளியிட்டவர். அவர் மகனார் முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவிலேயே ‘முரசு’ எனும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். அதுவே பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்னும் சிறுகதையாசிரியர், ஆசிரியப் பயிற்சி தரும் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராய் இருந்தவர், ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளைப் படைத்து, 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாட்டை முதன்முதலாகக் கூட்டினார். 1946-ல் பிறந்த அவருக்கு அப்போது ஏறத்தாழ ஐம்பது வயது. இலக்கியம் படித்தவர், பொறியியல் பட்டம் பெற்றவரல்லர். இரண்டாண்டு கழிந்து 1999-ல் மறைந்தார். முதியோர் புதுமைக்குப் பகைவர் என்பார் இவரைப் பற்றி என்ன கூறுவரோ அறியோம்.

அதே 1999-ல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாய் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை வகுக்கப்பட்டுத் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. இது செவியின் முறை. ‘கொ’ வேண்டுமாயின் ககரத்தையும் ஒகரத்தையும் ஒலிக்கும் வரிசையில் தட்டினாற் போதும். கொம்பும் காலும் தாமே வந்து நிற்கும். ‘க்க’ என்பதற்குக் ககரத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்தின் தலையில் புள்ளி தானே ஏறும். தமிழிலக்கணத்தை அறிந்தவன் வகுத்த முறை என்பது தட்டும்போதே தெரியும். ஆனால் கண்ணின் முறையில் முப்பதாண்டு பழகிய பெரியப்பாவின் விரல்கள் இதில் தடுமாறின. அவர் எழுத்தை மறந்தவரல்லர். விரல் எலும்புக்குள் ஊறிப்போன ஒன்றைப் பிடுங்கி வேறொன்றை நடச் சொன்னால் தடுமாறாதவர் யார்?

அவர் மகளாகிய நம் அக்காள், பகலில் வேலைக்குச் சென்று மாலையில் பட்டப்படிப்புப் படித்தவர். தமிழ் 99-ஐ ஒரு கைவிளக்கத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கற்றார். அவர் பட்ட இடர் விசைப்பலகையால் வந்ததன்று; எழுத்துருவால் வந்தது. அந்நாளில் ஒவ்வொரு மென்பொருளும் தன் தன் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் தமிழிருந்த இடத்தில் ஐரோப்பிய எழுத்துகளும் கட்டங்களும் நிற்கும். அவர் மூன்று மாதம் உழைத்து எழுதிய ஆய்வேட்டை வட்டில் பதித்துத் தம் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஒரே கணினியில் அவ்வெழுத்துரு இல்லை. வெளியார் மென்பொருளை ஏற்ற அனுமதியுமில்லை. கடைசி நாள் நெருங்கிற்று. என்ன செய்தார்? வீட்டுக்கு ஓடிவந்தார். பெரியப்பா பொறியின் மேலிருந்த துணியை எடுத்தார். அக்காள் திரையைப் பார்த்துப் படிக்க, அவர் இரண்டு இரவுகளில் நூறு பக்கத்துக்கு மேல் தட்டெழுதி முடித்தார். பழைய கருவி புதிய கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேற்றிய அந்நிகழ்ச்சியை இன்றும் அவ்வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். கேட்டபோதெல்லாம் நமக்குச் சிரிப்பு வந்ததில்லை.

2001-ம் ஆண்டைப் பற்றித் தனியே கூறியாக வேண்டும். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கம்போங் மேடானில் கலவரம் மூண்டது. அறுவர் மாண்டனர், அவருள் ஐவர் இந்தியர். காயமுற்றோர் பலர். தோட்டங்களினின்றும் துரத்தப்பட்டு, நெருக்கமான குடிசைகளில் வறுமையோடு வறுமை உரசிக் கிடந்த இடத்தில் பொறி விழுந்ததும் பற்றிக்கொண்டது. ஐந்து மாதம் கழிந்து, ஆகஸ்டில், அதே பள்ளத்தாக்கில், கோலாலம்பூரில், உலகத் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. 1996 முதல் அரசினர் வகுத்த பல்லூடகப் பெருவழியும் இதே வட்டாரத்தில்தான் ஓடியது. அறிஞர் கூடி எழுத்துருவையும் குறியீட்டையும் பற்றி வாதித்த மண்டபத்திற்கும், அக்காள் கதவைத் தாழிட்டுப் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த வீட்டிற்கும் இடையே தூரம் மிகக் கொஞ்சமே. மாநாட்டைக் குறைகூற நாம் இதனைச் சொல்லவில்லை. அங்கு பேசியவர் செய்த வேலையால்தான் இன்று இதனை எழுதுகிறோம். ஆயினும் ஒரு கருவி எவ்வளவு அருகில் பிறந்தாலும், அதை எட்டிப் பிடிக்கக் கைநீட்டுவதற்கு அமைதியான ஓர் அறை வேண்டும் என்பதை மறத்தற்கில்லை.

அதன்பின் மாற்றம் விரைந்தது. 1991-லேயே யூனிகோடு என்னும் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிட்டியிருந்தபோதிலும், கணினிகள் அதை உணர்ந்துகொள்ளப் பத்தாண்டு ஆயிற்று. உணர்ந்தபின் எழுத்துருச் சண்டை மெல்ல ஓய்ந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி எவரும் படிக்குமாறு வைத்தனர். ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி வாங்கிய நூல் நூலகத்துள் இருந்தது. அதைப் படிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். இந்நூலோ நாலாம் மாடிக்குத் தானே ஏறி வந்தது. நாற்பதாண்டு இடைவெளியில் கொடுத்தவர் வேறு, கொடை ஒன்றே.

2005 பொங்கலின்போது ‘செல்லினம்’ கைத்தொலைபேசியில் தமிழைக் கொணர்ந்தது. இளைய தலைமுறையின் பல்கலைக் கழகம் இன்று பெரும்பாலும் அந்தச் சிறு கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. அவர்கள் கைக்கொள்ளும் முறை கண்ணின் முறையுமன்று, செவியின் முறையுமன்று. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழெழுத்துத் தோன்றும் முறை. அம்மா என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தைத் தட்ட வேண்டும். இதனைக் கண்டு பெரியப்பா ஒருநாள், “அம்மாவைக் கூப்பிட வெள்ளைக்காரனிடம் போய் வழி கேட்கிறீர்களே” என்றார். நாம் வாய்மூடி நின்றோம். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நமக்கும் வேறு முறை தெரியாது. இக்கட்டுரையும் அவ்வழியாலேயே எழுதப்படுகிறது. வெட்கமே, ஆனால் மறைப்பதற்கில்லை.

2020 மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, அவ்வாண்டு முடியும்வரை பல்கலைக் கழகப் பாடங்கள் இணைய வழியிலேயே நடைபெறும் என்று உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. சபா மாநிலத்தில் ஒரு மாணவி தேர்வெழுதுவதற்கு அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த செய்தியை நாடே பேசிற்று. கம்போங் மேடானில் ஏறுவதற்கு மரமில்லை. அலைவரிசைக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் வேறு. அக்காள் வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. படிக்கும் பிள்ளைகள் மூவர். மூத்தவள் பல்கலைக் கழகத்தில் முதலாண்டு. தம்பியரின் பள்ளிப் பாடமும் அவளுடைய விரிவுரையும் ஒரே நேரத்தில் வந்தால், எவர் பாடத்தை விடுவது? பெரும்பாலும் அவளே விட்டாள். “மாமா, நான் பெரியவள், எப்படியும் படித்துக்கொள்வேன்” என்று நம்மிடம் சொன்னாள். விரிவுரையாளருட் சிலர் ஒளிப்படப் பாடங்களை மட்டும் அனுப்பினர். அவற்றை இறக்கவே மாதச் சந்தா தீர்ந்துவிடும். வயதில் மூத்த ஒருவர் மட்டும், தம் பாடத்தை வெறும் எழுத்துக் குறிப்பாகத் தட்டெழுதி அனுப்பினாராம். பழைய மெழுகுத்தாள் காலத்து வழக்கம் அது. அப்பாடத்தில் மட்டும் அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. புதுக்கருவியை அறியாதவர் என்று பிள்ளைகள் அவரை எள்ளியதுண்டு. எவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்பொழுது அவள் படிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது. சென்ற ஞாயிறன்று நாம் போயிருந்தபோது ஒரு காட்சி கண்டோம். பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி 2017 முதல் தமிழுக்கும் உண்டல்லவா? அவள் அதனிடம் தன் ஆய்வுரையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மலாயும் ஆங்கிலமும் கலந்த அவள் பேச்சைக் கருவி தாறுமாறாக எழுதிற்று. மும்முறை அழித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கையை நீட்டினார். கைத்தொலைபேசியை வாயருகில் பிடித்து, வகுப்பறையில் சொல்வதெழுதச் செய்த அதே நிறுத்தத்தோடும் அழுத்தத்தோடும், அவள் எழுதி வைத்திருந்த தாளைப் படித்தார். ழகரமும் ளகரமும் பிசகாமல் ஒரு வரி முழுவதும் திரையில் வந்து நின்றது.

“தாத்தா, எனக்கு மட்டும் ஏன் கேட்க மாட்டேனென்கிறது?” என்றாள்.

“நீ சந்தி எங்கே மிகுமென்று பாரம்மா, அது எனக்கும் சரியாக எழுதவில்லை” என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பத்தியைத் தொடங்கினார். அவள் ஆங்கில எழுத்தைத் தட்டி, விட்டுப்போன ஒற்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். நள்ளிரவுக்குள் அனுப்பியாக வேண்டுமாம். அக்காள் அடுக்களையிலிருந்து வந்து மின்கலத்தில் எவ்வளவு மீதி என்று எட்டிப் பார்த்தார்.